ஓடிக்கொண்டிருக்கும் ரெயில்ஸ் அப்ளிகேஷனுக்குள் சாலிடஸ் கடையைச் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் ஏழு வருடமாக ஒரு வெப் அப்ளிகேஷன் ஓடுகிறது. டீலர்கள் லாகின் செய்து பேல் (பெரிய துணிக்கட்டு) கணக்கில் ஆர்டர் போடுவார்கள். தறிக்காரர்களுக்குக் கொடுத்த நூல், குடோன் இருப்பு, டீலர் பாக்கி எல்லாம் அதற்குள்தான். முதலாளி கூப்பிட்டுச் சொன்னது இரண்டே வாக்கியம்: “தம்பி, சில்லறைக்கும் ஒரு கடை போடோணுங்க. ஆனா இருக்கற கணக்கு ஒண்ணும் கெடக்கூடாதுங்க.”

முதல் வாக்கியத்துக்கு அரை நாள் போதும். சாலிடஸ் என்பது ரெயில்ஸில் எழுதிய இணையக்கடை மென்பொருள். அதை நிறுவினால் கூடை, ஆர்டர், அட்மின் பக்கம் எல்லாம் கூடவே வந்துவிடும். இரண்டாவது வாக்கியத்துக்கு எனக்கு ஆறு வாரம் ஆனது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் நாள் மாலையே “முடிஞ்சுதுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஒரு மாதம் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்த பிறகு எழுதுவது இது. ரெயில்ஸ் ஓரளவு தெரிந்தவர்களுக்கானது.

சாலிடஸ் 2015இல் ஸ்ப்ரீ என்ற இன்னொரு கடை மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. இன்றும் அதன் உள்ளே வகுப்புப் பெயர்களும் டேபிள் பெயர்களும் ஸ்ப்ரீ என்றே தொடங்கும். அதைப் பார்த்து ஏதோ தப்பாக நிறுவிவிட்டோம் என்று பயப்பட வேண்டாம்.

1. கோடு (நிரல்) எழுதுவதற்கு முன் கிளப்பிவிட வேண்டியவை

சில வேலைகள் நம் கையில் இல்லை. யாரோ ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும், அதற்கு நாட்கள் ஆகும். ஆகவே இவற்றை முதல் நாளே தொடங்குங்கள்.

பேமென்ட் கேட்வேக்கு (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) பான், ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். சரக்குத் திருப்பும் விதி, டெலிவரி விதி, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் தளத்தில் இருக்கின்றனவா என்றும் அவர்கள் பார்ப்பார்கள். இ-காமர்ஸுக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. அந்த அதிகாரி யார் என்று முதலாளியிடம் கேட்டு இப்போதே எழுதி வாங்குங்கள். கடைசி நாளில் கேட்டால் உங்கள் பெயரைப் போட்டுவிடுவார்.

எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் செய்தி வார்ப்புகளை தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதுவும் காத்திருப்பு வேலைதான்.

பழைய அப்ளிகேஷனின் ரெயில்ஸ் பதிப்பை சாலிடஸ் ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்கவில்லை என்றால் ரெயில்ஸை உயர்த்தும் வேலையைத் தனியாக முடித்து, லைவில் விட்டு, இரண்டு வாரம் ஓடவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது உடைந்தாலும் எதனால் உடைந்தது என்று தெரியாது.

2. எந்த விவரம் யாருக்குச் சொந்தம்?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் பழைய அப்ளிகேஷன், வலப்பக்கம் சாலிடஸ். பயனர், சரக்கு, இருப்பு, விலை, ஆர்டர், பில் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் மாற்றக்கூடிய விவரம் ஒன்று இருந்தாலும் என்றைக்காவது இரண்டும் இரண்டு பதில் சொல்லும். எதை நம்புவது என்று இரவு பதினோரு மணிக்கு உங்களைத்தான் கேட்பார்கள்.

நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி. பயனர் பழைய பக்கம். டீலர் ரேட் பழைய பக்கம், சில்லறை விலை சாலிடஸ். குடோனின் மொத்த இருப்பு பழைய பக்கம். அதிலிருந்து சில்லறைக்கு ஒதுக்கிய இருப்பு மட்டும் சாலிடஸ். சில்லறை ஆர்டர் சாலிடஸ். பில் பழைய பக்கம், ஏனென்றால் ஆடிட்டர் அங்கிருந்துதான் எடுக்கிறார். டீலர்கள் சில்லறைக் கடைப் பக்கமே வர வேண்டியதில்லை என்றும் முடிவு செய்தோம். அந்த ஒரு முடிவு பாதித் தலைவலியைக் குறைத்தது.

தாளில் முதலாளியிடமும் கணக்குப்பிள்ளையிடமும் ஒப்புதல் வாங்குங்கள். எங்கள் கணக்குப்பிள்ளை பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “சாம்பிள் பீஸ் எங்கீங்க எழுதறது?” என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை.

3. நிறுவுதல்

லைவ் டேட்டாபேஸின் நகல் ஒன்றை வைத்துத் கோடின் தனிக் கிளையில் (பிராஞ்ச்) செய்யுங்கள். வெற்று டேட்டாபேஸில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். ஏழு வருடக் குப்பையோடு ஓடுகிறதா என்பதே கேள்வி.

நிறுவும்போது எடுக்கும் முடிவுகளில் இரண்டு முக்கியம். உள்நுழைவுக்கு என்ன ஏற்பாடு என்றால், ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாதிரித் தரவு வேண்டுமா என்றால், வேண்டாம். ஆனால் விதைத் தரவு வேண்டும். நாடுகள், மாநிலங்கள் அதில்தான் வருகின்றன.

கடை முகப்பு இப்போது தனித் தொகுப்பாக வருகிறது. அதன் கோப்புகள் நம் அப்ளிகேஷனுக்குள்ளேயே நகலாகும். அவை நம் லேஅவுட்டோடும் ஸ்டைலோடும் மோதலாம். அதனால் இந்தக் கட்டளைக்கு முன் ஒரு கமிட், பின் ஒரு கமிட். நடுவில் என்ன மாறியது என்று வரி வரியாகப் படியுங்கள்.

ஒரு சரக்கைக்கூடச் சேர்க்கும் முன் நாணயத்தை ரூபாய் என்றும் இயல்பு நாட்டை இந்தியா என்றும் மாற்றுங்கள். சாலிடஸ் டாலரோடும் அமெரிக்காவோடும்தான் வரும். ஒவ்வொரு விலையும் ஒரு நாணயத்தோடு சேர்ந்தே பதிவாகும் என்பதால், நூறு சரக்கை ஏற்றிவிட்டு அப்புறம் நாணயத்தை மாற்றினால் நூறுக்கும் ரூபாய் விலை இருக்காது. சரக்கு இருக்கும், வாங்க முடியாது.

4. பயனரை இணைத்தல்

அதிகம் விழும் இடம் இது. முதலில் விழுந்தவன் நான்தான்.

பழைய பயனர் மாடலில் சாலிடஸின் பயனர் மாட்யூலைச் சேர்க்கச் சொல்வார்கள். ஒரு வரி வேலை. சேர்த்தேன், கடை வேலை செய்தது, லைவில் விட்டேன். மறுநாள் காலை ஒரு டீலர் போன் செய்தார்: “எனக்குப் பாக்கியே இல்லைன்னு காட்டுதுங்க. ரொம்பச் சந்தோசமுங்க.”

நடந்தது இதுதான். எங்கள் பயனர் மாடலில் ‘ஆர்டர்ஸ்’ என்று ஓர் உறவு ஏற்கெனவே இருந்தது. டீலர் ஆர்டர்களைக் காட்டும். சாலிடஸின் மாட்யூலும் அதே பெயரில் ஓர் உறவை வைத்திருக்கிறது. அது சில்லறை ஆர்டர்களைக் காட்டும். இரண்டாவது வந்தது முதலாவதைச் சத்தமில்லாமல் மூடிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் ரூபியைப் பொறுத்தவரை இது பிழையே இல்லை. ‘அட்ரஸஸ்’ என்ற பெயரிலும் இதே மோதல் உண்டு.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பழைய உறவுகளுக்கு டீலர் ஆர்டர்ஸ் என்பது போல வேறு பெயர் கொடுங்கள். அழைக்கும் இடங்கள் எல்லாவற்றையும் மாற்றி, அதை மட்டும் லைவில் விட்டு, பாக்கிப் பட்டியல் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் மாட்யூல்.

அடுத்து அடையாள எண். சாலிடஸின் டேபிள்களில் பயனர் எண் முழு எண்ணாக இருக்கும். உங்கள் பயனர் டேபிள் யூயூஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம்) வைத்திருந்தால், மைக்ரேஷன் கோப்புகள் உங்கள் கோப்புறைக்கு நகலானதும், ஓட்டும் முன்பே, பயனரைச் சுட்டும் நெடுவரிசைகளின் வகையை மாற்றுங்கள்.

சாலிடஸ் ‘இப்போது உள்ளே இருப்பவர் யார்’ என்று கேட்கும்போது பதில் சொல்ல ஒரு ஹெல்பர் நாம் எழுத வேண்டும். உள்நுழைவு, வெளியேற்றம், பதிவு ஆகியவற்றின் பாதைகளையும் சொல்ல வேண்டும். ஹெல்பரை மறந்தால் எல்லோரும் விருந்தாளிகளாகவே (லாகின் செய்யாதவர்களாகவே) கடைக்குள் சுற்றுவார்கள், அட்மின் பக்கம் யாரையும் உள்ளே விடாது. எழுதிய பின், விருந்தாளியாகக் கூடையில் இரண்டு சரக்கைப் போட்டுவிட்டு லாகின் செய்து, கூடை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

இமெயில் விஷயம் ஒன்று. எங்கள் பயனர்கள் மொபைல் எண்ணில் நுழைகிறார்கள், பாதிப் பேருக்கு இமெயிலே இல்லை. சாலிடஸ் ஆர்டருக்கு இமெயில் கேட்கும். எண்ணோடு ஏதோ ஒரு டொமைனை ஒட்டிப் பொய் முகவரி தயாரித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். எல்லா மெயிலும் திரும்பி வந்து, கடைசியில் நல்ல முகவரிகளுக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் விழும். செக்அவுட்டில் நேராகக் கேட்டு வாங்குங்கள்.

அட்மின் உரிமையையும் தனியாகக் கொடுங்கள். ‘பழைய அப்ளிகேஷனில் ஊழியர் என்றால் இங்கேயும் அட்மின்’ என்று ஒரு வரியில் முடித்தால், குடோனில் பேல் எண்ணும் பையனுக்கும் எல்லா வாடிக்கையாளர் முகவரியும் தெரியும்.

5. பாதைகள்

டேபிள்கள் மோதாது, முன்னொட்டு இருக்கிறது. பாதைகள்தான் மோதும். ரெயில்ஸ் பாதைக் கோப்பை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துவதே வெல்லும். சாலிடஸ் நம் அப்ளிகேஷனுக்குள் ஓர் எஞ்சினாக, அதாவது உள்ளே பொருத்தும் குட்டி அப்ளிகேஷனாக வருகிறது. அதை வேர்ப் பாதையில் மவுண்ட் செய்வதாக இருந்தால் பழைய பாதைகளுக்குக் கீழே வையுங்கள். எங்களுக்கு ‘கடை’ என்று ஒரு துணைப்பாதையில் வைப்பது நிம்மதியாக இருந்தது.

எஞ்சினின் பக்கம் ஒன்று உங்கள் லேஅவுட்டைப் பயன்படுத்தினால், அதில் இருக்கும் பழைய லிங்குகள் ‘அப்படி ஒரு மெத்தட் இல்லை’ என்று விழும். அவை எஞ்சினின் பாதைகளுக்குள் தேடுகின்றன. லேஅவுட்டில் உள்ள பழைய லிங்குகளுக்கு மெயின் ஆப் என்ற முன்னொட்டையும், பழைய பக்கங்களிலிருந்து கடைக்குப் போகும் லிங்குகளுக்கு ஸ்ப்ரீ என்ற முன்னொட்டையும் போடுங்கள். புதியவர்கள் அரை நாள் தேடுவது இதைத்தான்.

6. சரக்கும் இருப்பும்

பழைய பக்கம் பேல், டஜன். சாலிடஸில் பீஸ் மட்டும். மாற்றும் கணக்கை ஓரிடத்தில் எழுதி, அங்கிருந்து மட்டும் அழையுங்கள்.

அளவு, நிறம் என்று வகைகள் வரும்போது எண்ணிக்கை எகிறும். ஐந்து சைஸ், ஆறு நிறம் உள்ள ஒரு திருப்பூர் பனியனுக்கு முப்பது வேரியன்ட். முப்பதுக்கும் தனித்தனி எஸ்கேயூ (சரக்குக் குறியீடு) வேண்டும், அந்த எஸ்கேயூதான் பழைய பக்கத்தோடு இணைக்கும் கண்ணி. சரக்கின் பெயரை வைத்து இணைக்காதீர்கள். ‘ஜமக்காளம்’, ‘ஜமுக்காளம்’ இரண்டும் எங்கள் டேபிளில் இருந்தன.

இருப்பு ஒரே திசையில் போகட்டும்: குடோனிலிருந்து சில்லறைக்கு ஒதுக்கும்போது சாலிடஸில் ஏறும், விற்றால் அங்கேயே குறையும். கூடையில் போட்டதும் இருப்பு குறையாது, ஆர்டர் முடியும்போதுதான் குறையும் என்பதையும் கடைக்காரருக்குச் சொல்லிவையுங்கள். இருப்பு இல்லாமலே ஆர்டர் எடுக்கும் அனுமதி கிடங்கில் ‘ஆன்’ ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தீபாவளி நேரத்தில் இல்லாத போர்வையை விற்றுவிட்டுத் தறிக்குப் போய் நிற்க முடியாது.

7. வரி

இங்கே நிதானமாக இருங்கள். தப்பு நடந்தால் உடனே தெரியாது, ஆடிட்டர் சொல்லும்போதுதான் தெரியும்.

தமிழ்நாட்டுக்குள் அனுப்பினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதிப் பாதி; வெளி மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி முழுதாக. சாலிடஸில் இதை மண்டலங்களால் பிரிக்க வேண்டும். புதியவர்கள் ‘தமிழ்நாடு’ என்று ஒரு மண்டலமும் ‘இந்தியா’ என்று ஒரு மண்டலமும் போடுவார்கள். ஈரோட்டு முகவரி இரண்டிலும் பொருந்தும். மூன்று வரியும் விழுந்து 5 சதவீதம் 10 ஆகிவிடும். இரண்டாவது மண்டலத்தை நாடாகப் போடாமல், தமிழ்நாடு தவிர்த்த 27 மாநிலங்களையும் 8 யூனியன் பிரதேசங்களையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். சேர்க்கும்போது பட்டியலையும் சரிபாருங்கள். தெலங்கானா இருக்கிறதா? 2019இல் வந்த லடாக் இருக்கிறதா? 2020இல் ஒன்றான தாத்ரா-நாகர் ஹவேலியும் டாமன்-டையூவும் இன்னும் இரண்டாக நிற்கின்றனவா?

விகிதம் அடுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கும் பெட்ஷீட் போன்ற தைத்த துணிகளுக்கும் ஒரு பீஸின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. சரக்கின் வரி வகையை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்று சாலிடஸ் நினைக்கிறது. ஆனால் இங்கே விலை மாறினால் வகையும் மாற வேண்டும். விலையைச் சேமிக்கும் இடத்திலேயே வகையையும் சரிபார்க்கும் கோடு எழுதுங்கள். தள்ளுபடியால் எல்லையைத் தாண்டி இறங்கும் சரக்குக்கு என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வரி உள்ளடக்கிய விலை போடுகிறவர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. 2,500க்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,625. 18 சேர்த்தால் 2,950. நடுவில், சொல்லப்போனால் 2,700 ரூபாய் என்று விலை வைத்தால் என்ன ஆகும்? 5 என்று பிரித்தால் அடிப்படை மதிப்பு 2,571, எல்லையைத் தாண்டுகிறது. 18 என்று பிரித்தால் 2,288, எல்லைக்குள் வருகிறது. இரண்டு கணக்கும் பொருந்தாது. அந்த இடைவெளியில் விலை வைக்க முயன்றால் அட்மின் பக்கமே தடுக்கும்படி செய்துவிட்டோம். முதலாளி முதலில் நம்பவில்லை, கால்குலேட்டரில் தானே போட்டுப் பார்த்தார்.

8. டெலிவரி

செக்அவுட்டில் ‘டெலிவரி முறை எதுவும் இல்லை’ என்று வந்தால் நான்கு இடம் பாருங்கள்: முகவரி எந்த மண்டலத்திலாவது விழுகிறதா, டெலிவரி முறை அந்த மண்டலத்துக்கு உண்டா, சரக்கின் டெலிவரி வகையும் முறையின் வகையும் ஒன்றா, சரக்கு இருக்கும் கிடங்கு அந்த முறையில் சேர்ந்திருக்கிறதா. பெரும்பாலும் மூன்றாவது.

எடையைக் கிராமிலா கிலோவிலா என்று முதலிலேயே முடிவு செய்து எல்லாச் சரக்குக்கும் போடுங்கள். ஒரு பவானி ஜமக்காளத்துக்கு எடை விட்டுப்போய், கைக்குட்டை அனுப்பும் கட்டணத்தில் கௌகாத்தி போனது.

9. பேமென்ட்

யூபிஐயில் பணம் கட்டுகிறவர் போனில் வேறு செயலிக்குப் போவார். கட்டி முடித்ததும் நம் பக்கத்துக்குத் திரும்பி வருவார் என்று எந்த உறுதியும் இல்லை. பணம் போய்விட்டது, டப்பென்று போனை அணைத்துப் பையில் போட்டுக்கொள்வார். எனவே ‘நன்றி’ பக்கம் திறந்ததை வைத்து ஆர்டரை முடிக்காதீர்கள். கேட்வே நம் சர்வருக்கு நேராக அனுப்பும் செய்தி, அதாவது வெப்ஹூக்தான் சாட்சி.

வெப்ஹூக்கை எழுதும்போது இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் கேட்வேயின் கையொப்பத்தைச் சரிபாருங்கள். வந்த செய்தியின் உடலை ஜேசனாகப் பிரிப்பதற்கு முன், வந்தபடியே வைத்து. பிரித்துத் திரும்பக் கோர்த்தால் ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. அடுத்து, இந்த நிகழ்வை ஏற்கெனவே பார்த்தோமா என்று நிகழ்வு எண்ணை வைத்துப் பாருங்கள். ஒரே செய்தி இரண்டு மூன்று முறை வருவது இயல்பு. பிறகு தொகையை ஆர்டர் தொகையோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஒரு டேப்பில் பணம் கட்டிக்கொண்டே இன்னொரு டேப்பில் கூடையை மாற்றலாம். கடைசியில்தான் ஆர்டரை முடிப்பது. வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் ரெயில்ஸின் சிஎஸ்ஆர்எஃப் சோதனையை இந்த ஒரு பாதைக்கு மட்டும் விலக்க வேண்டும். கன்ட்ரோலர் முழுவதற்கும் விலக்காதீர்கள்.

தொகை பைசாவில் போகும் கேட்வேக்களில் மிதவைப் புள்ளி எண்ணை (ஃப்ளோட்) தொடாதீர்கள். 19.99ஐ நூறால் பெருக்கினால் கணினி 1998.9999999999998 என்று சொல்லும். அதை முழு எண்ணாக வெட்டினால் ஒரு பைசா காணாமல் போய், மேலே சொன்ன ஒப்பீடு தோற்கும். டெசிமல் வகையிலேயே கடைசி வரை இருங்கள். கார்டு எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் சேமிக்கக் கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி வியாபாரிகளுக்கு அதை அனுமதிப்பதில்லை. லாக் கோப்பில் விழுவதும் சேமிப்பதுதான்.

10. பில் எண்

சாலிடஸ் தரும் ஆர்டர் எண்ணை பில் எண்ணாகப் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் ஒருமுறை மட்டும் வர வேண்டும். ஆர்டர் எண் வரிசையில்லாமல் உருவாவது. பாதியில் விட்டுப்போன கூடைக்கும் ஓர் எண் இருக்கும்.

தானாக அடுத்த எண்ணைத் தரும் டேட்டாபேஸின் சீக்வென்ஸும் இதற்கு ஆகாது. டேட்டாபேஸ் பரிவர்த்தனை பாதியில் ரத்தானால் எடுத்த எண் திரும்பி வராது, வரிசையில் ஓட்டை விழும். ஒரு சிறு டேபிளில் கடைசி எண்ணை வைத்து, டேபிளின் அந்த வரியை (ரோ) பூட்டி, ஒன்று கூட்டி, பில்லோடு ஒரே பரிவர்த்தனையில் எழுதுங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். பரவாயில்லை, நாம் நொடிக்கு ஆயிரம் பில் போடப்போவதில்லை.

நேர மண்டலத்தையும் பாருங்கள். ரெயில்ஸ் இயல்பாக யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். அப்படியே விட்டால் ஏப்ரல் 1 காலை ஐந்தரை மணி வரை அதற்கு மார்ச் 31தான். புது நிதியாண்டின் முதல் பில்கள் பழைய வரிசையில் போய் உட்காரும்.

11. திறக்கும் நாள்

ஈரோட்டு ஜவுளிச் சந்தை நடக்கும் திங்கள் இரவும் செவ்வாயும் வேண்டாம். அப்போது டீலர்கள் பழைய பக்கத்தில்தான் இருப்பார்கள். நாங்கள் ஒரு வியாழக்கிழமை காலை திறந்தோம். முந்தின இரவு பேக்அப் எடுத்ததோடு நிற்காமல், அதை வேறு ஒரு சர்வரில் மீட்டெடுத்து லாகின் செய்தும் பார்த்தோம்.

கடைக்குப் போகும் லிங்கை ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வைத்து, முதலில் கடை ஊழியர்களுக்கு மட்டும் காட்டுங்கள். அவர்கள் சொந்தக் காசில் உண்மையான யூபிஐயில் வாங்கட்டும், சோதனைக் கணக்கில் அல்ல. ஒன்று கோவைக்கு, ஒன்று பாலக்காட்டுக்கு, ஒன்று ரத்து, ஒன்று பணம் கட்டிவிட்டுப் போனை அணைத்தது. நான்கையும் பில் வரை, ரீஃபண்ட் வரை பின்தொடருங்கள். பாலக்காட்டு பில்லில் ஐஜிஎஸ்டி வரவில்லை என்றால் ஏழாம் படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வெளியே திறந்த பிறகு முதல் இரண்டு வாரம் தினமும் மாலை மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: கேட்வே காட்டும் தொகை, சாலிடஸில் முடிந்த ஆர்டர்களின் தொகை, பழைய பக்கத்தில் விழுந்த பில்களின் தொகை. எங்களுக்கு நான்காம் நாள் 40 ரூபாய் இடித்தது. சாலிடஸ் டெலிவரிக் கட்டணத்தைத் தனிப் பதிவாக வைக்கிறது. பில் போடும் கோடு சரக்குகளின் தொகையை மட்டுமே கூட்டியிருந்தது.